வெயில் படாத இரத்தம்

ஆடி 7, திங்கள்

கச்சான் காற்று. விடியவே புழுதி. பரந்தன் சந்தியில் ஸ்கூட்டியை நிறுத்திக் கண் கழுவவேண்டி வந்தது. ஐஸ் பெட்டியின் மூடி இறுகுவதில்லை. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கட்டினேன்.

வெள்ளித்தாள் முடியப்போகிறது. நூலகப் புத்தகம் திருப்பவேண்டும். அம்மாவுக்குப் பிறசர் குளிசை.

குறைமாதப் பிள்ளைகளின் வார்ட்டில் புதுத் தாய் ஒருத்தி. சசிகலா, இருபத்தொரு வயது. உடையார்கட்டில் இருந்து சனிக்கிழமை அம்புலன்ஸில் கொண்டுவந்திருக்கிறார்கள். முப்பதாவது கிழமையிலேயே பிள்ளை, பெண். பாரம் மூன்று இறாத்தல் பாணுக்கும் வராது, ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவு. மூக்கில் குழாய், அதன் வழியே அழுத்தி விடும் காற்று. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ளே விழுகிறது, யாரோ விரலால் குத்திக் குத்தி எடுப்பது போல.

இரத்தம் எடுக்கப் போனால், கட்டிலடியில் கதிரை போட்டு மாமியார் காவல்.

"என்னத்துக்கு இரத்தம்?"

சொன்னேன். நேரத்துக்கு முன் பிறந்து மூச்சுத் திணறும் பிள்ளைகளிலும், அவர்களின் தாய்மாரிலும் விற்றமின் டி எவ்வளவு இருக்கிறது என்று ஒரு ஆய்வு, அதற்கு இரத்தம் சேர்ப்பது என் வேலை. அந்த விற்றமின் வெயில் பட்டுத் தோலில் உண்டாவது. நுரையீரல் முதிர அதுவும் உதவுகிறது என்று நினைக்கிறார்கள்.

"வெயிலுக்கு இஞ்ச என்ன பஞ்சம்!"

அடுத்த கேள்வி: ஒரு நாளில் எவ்வளவு நேரம் வெயிலில் நிற்பீர்கள்? சசி வாய் திறக்க முதல் மாமியார்: "நாங்கள் பிள்ளைத்தாச்சியை வெளியில விடுறேல்லை. இவையள் ஏற்கெனவே கறுப்பு. பிள்ளையாவது எங்கட நிறத்துக்கு வரவேணுமெல்லே."

இவையள் என்றால்: சசியின் அப்பா மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து சிறுவயதில் வந்தவர், உருத்திரபுரத்தில் வயல் கூலி. மாமியார் ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து காணி எடுத்தவர்கள். காதல் கலியாணம். இதையும் மாமியாரே சொன்னார், வீட்டுக்கு வந்த வருத்தத்தைச் சொல்லும் குரலில்.

கடைசிக் கேள்வி: நேரத்துக்கு முன் வலி வந்த காரணம்?

"கிணத்தடியில வழுக்கி விழுந்தவா."

சசி யன்னலைப் பார்த்தபடி இருந்தாள். இந்த வருடம் நான் கேட்ட தாய்மாரில் எத்தனை பேர் கிணற்றடியில் விழுந்துவிட்டார்கள். வன்னிக் கிணற்றடிகளுக்கெல்லாம் எண்ணெய் பூசி வைத்திருக்கிறார்களா?

ஆடி 8, செவ்வாய்

புழுதி. தொண்டை கரகரப்பு.

சசியின் பிள்ளை இன்று நான் நிற்கும்போதே மூச்சை விட்டுவிட்டது. அழவில்லை, துடிக்கவில்லை. நெஞ்சு சும்மா நின்றது, பிறகு உதடு நீலம். தாதி தேவகி மிஸ் கதையை நிறுத்தாமலே கையை உள்ளே விட்டு உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினார். ஒன்றுமில்லை. இன்னொரு சுண்டு, பலமாக. பிள்ளை முகத்தைச் சுருக்கிக்கொண்டு மூச்சை இழுத்தது.

"மறந்து போகுதுகள்," என்றார் மிஸ். "மூச்செடுக்கிறது இன்னும் பழகேல்லை."

பிறகு குதியில் ஊசி குத்தி இரத்தம். மற்றச் சோதனைகளுக்கு எடுத்ததில் மிஞ்சுவது எனக்கு. பிறந்து நாலு நாளில்லை, குத்து, குழாய், சுண்டு, பிளாஸ்டர் பிய்க்கும்போது தோலோடு வரும் தோல். இந்த வார்ட்டில் உயிரை அடித்துத்தான் வைத்திருக்கிறார்கள். யாரிலும் பிழையில்லை. என்றாலும் வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

சசியின் புருசனைக் கண்டேன். மண் ஏற்றும் டிப்பர் ஓட்டுகிறானாம். கண்ணாடிக்கு வெளியே, ஹெல்மற்றைக் கையில் கோத்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்து அழுதான். எல்லா மிஸ்மாருக்கும் நெக்டோ வாங்கி வந்திருக்கிறான். "நல்ல பெடியன்," என்றார்கள். நானும் ஒரு போத்தல் குடித்தேன்.

ஆடி 10, வியாழன்

யாழ்ப்பாணத்து லாப்பில் இருந்து போன். "தங்கச்சி, நீர் அனுப்பின ஒண்டு பிழை போல கிடக்கு. இன்னொருக்கா எடுத்து அனுப்பும்."

பிழையானது சசியின் இரத்தம். விற்றமின் டி மெசினால் அளக்கக்கூடிய அளவுக்கும் கீழே. எங்கள் தாய்மார் பலருக்கும் குறைவுதான், ஆனால் இப்படி ஒன்றை நான் காணவில்லை. திரும்ப எடுத்தேன். குழாயை வெளிச்சம் படாமல் வெள்ளித்தாளில் சுற்றும்போது கை கூசியது. வெயிலே காணாத இரத்தத்துக்கு நானும் ஒரு போர்வை.

பத்து மணி பஸ் கொண்டக்டரிடம் பெட்டி கொடுத்தாயிற்று.

திரும்பி வர மாமியார் இல்லை, கன்ரீனுக்குப் போய்விட்டார். கதிரையில் நான் இருந்தேன்.

"சசி, வெயில் கேள்வியை இன்னொருக்கா கேக்கட்டே?"

"கேளுங்கோ மிஸ்."

"முத்தத்துக்காவது வாறேல்லையா?"

"அவர் வேலைக்குப் போகேக்க பூட்டிப்போட்டுப் போவார். பின்னேரம் மாமி வந்து திறப்பா. அதுக்குள்ள பொழுதுபட்டிடும்."

"எப்ப தொடக்கம்?"

"கலியாணம் முடிச்ச நாளில இருந்து." பிறகு என்னைத் தேற்றுவது போல: "யன்னல் இருக்கு மிஸ். ஆனா வேலிக்குத் தகரம் அடிச்சிருக்கு."

 பதிலுக்கு நன்றி சொன்னேன். கேள்வித்தாள் முடிந்ததும் சொல்லப் பழக்கியிருக்கிறார்களே, அந்த நன்றி.

எங்கோ வாசித்தது: ஒரு காலத்தில் ஆலைப் புகை மூடிய நகரங்களில் ஏழைப் பிள்ளைகளின் கால் எலும்பு வளைந்தது, சூரியன் தெருவுக்கு வராததால். அங்கே அதற்கு ஒரு நகரத்துப் புகை முழுவதும் வேண்டியிருந்தது. இங்கே ஒரு ஆமைப்பூட்டு.

டொக்டரிடம் சொன்னேன். எங்கள் டொக்டர் நல்ல மனிதர், ஆனால் சொற்களில் கஞ்சன். "விற்றமின் குறைஞ்சதால மூச்சுத் திணறல் எண்டு எழுதிப்போடாதையும். குறைவும் இருக்கு, திணறலும் இருக்கு. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்."

சரி. ஆனால் காரணத்துக்கு ஒரு டிப்பர்காரனும் அவனுடைய தாயும் இருக்கும்போது?

ஆடி 11, வெள்ளி

எழுதவேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

பிள்ளைக்கு மூச்சு கொஞ்சம் சீர். தாயின் நெஞ்சில் தோலோடு தோல் வைத்துப் பிடிக்கலாம் என்றார் டொக்டர். தேவகி மிஸ் பிள்ளையைக் குழாயோடு தூக்கிக்கொண்டு வந்து, "சட்டையைத் திறவும்," என்றார்.

சசி மாட்டேன் என்றாள்.

"என்ன வெட்கம்? எல்லாரும் பொம்பிளையள்தானே. பிள்ளைக்குக் குளிருதெல்லே."

"வேண்டாம் மிஸ்."

"பெத்தவளுக்குப் பிள்ளையைத் தூக்க விருப்பமில்லையோ? ஆருக்குப் பெத்தனீர்?"

இதற்குத்தான் அவள் பொத்தானைக் கழற்றினாள்.

கழுத்துக்குக் கீழே இருந்து வயிறு வரைக்கும். பழைய மஞ்சள், அதற்கு மேல் பச்சை, அதற்கு மேல் ஊதா. இடது மார்புக்குக் கீழே சப்பாத்தின் அடி அப்படியே, கோடு கோடாக, டயர் போன இடம் மாதிரி. பக்கவாட்டில் வட்டமாக நாலைந்து, சிகரெட். விலாவில் மிஸ் விரல் வைத்ததும் சசி உதட்டைக் கடித்தாள். அப்போதுதான் கவனித்தேன்: அவளும் சின்னச் சின்னதாகத்தான் மூச்சு விடுகிறாள், பிள்ளையைப் போல, மேலாலே.

தேவகி மிஸ் காயம் குறைந்த வலப்பக்கம் பார்த்துப் பிள்ளையை வைத்தார். பிறகு வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று கொண்டார். அவர் தோள் குலுங்குவதை வார்ட்டே பார்த்தது.

எக்ஸ்ரே: இரண்டு விலா வெடிப்பு. சட்ட வைத்திய அதிகாரிக்கு அறிவித்தாயிற்று. புருசனுக்கு வார்ட்டுக்குள் வரத் தடை. அவன் வாசலில் நின்று, "என்ர பெண்சாதி, என்ர பிள்ளை! நீங்கள் ஆர்?" என்று கத்தினான். நெக்டோ தந்த அதே வாய்.

ஆனால் சசி பொலிஸில் சொல்ல மறுக்கிறாள். "பிள்ளையைப் பறிச்சுப்போடுவினம் மிஸ். மாமி சொன்னவா. நீ எங்க வேணுமெண்டாலும் போ, பிள்ளையை வைச்சிட்டுப் போ எண்டு."

பின்னேரம் அவளுடைய அப்பா வந்தார். மெலிந்த மனிதர், பாதத்தில் வயல் சேறு காய்ந்திருந்தது. கட்டிலில் இருக்காமல் நின்றே கதைத்தார்.

"பொறுத்துக்க புள்ள. அவங்க நம்மள ஏத்துக்கிட்டதே பெருசு. ஆம்பளன்னா கை நீட்டத்தான் செய்வான்."

"அப்பா, விலா உடைஞ்சிருக்கு."

"கூடிரும் புள்ள."

அவரை அறையவேண்டும் போல இருந்தது. கால் சேற்றைப் பார்த்தபடி ஸ்கூட்டிச் சாவியை இறுக்கிப் பிடித்தேன். உள்ளங்கையில் இன்னும் அச்சு.

ஆடி 14, திங்கள்

காற்று கொஞ்சம் விழுந்துவிட்டது. வெயில் கொதிக்கிறது.

இரண்டாவது பெறுபேறும் அதேதான். லாப்காரர் மன்னிப்புக் கேட்டார், மெசினின் சார்பில்.

டொக்டர் சசிக்குக் கிழமைக்கொரு பெரிய குளிசை எழுதினார், பிள்ளைக்குத் துளி மருந்து. "ஒவ்வொரு நாளும் காலமை கொஞ்சம் வெயில்ல இருக்கட்டும், கை கால் திறந்திருக்க." அதைச் செய்விப்பது என் பொறுப்பு.

இடம் பார்த்துத் தந்தவள் நான். வார்ட்டின் கிழக்குச் சுவரோடு இருப்பதற்கு ஒரு சீமெந்து வாங்கு, வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் பக்கம். பால் எடுக்கும் அறையின் யன்னலும் அங்கேதான் திறக்கிறது, தேவையென்றால் கூப்பிடலாம். முதலில் சுவர் நிழலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றாள். வா, வா என்று இழுத்தேன். இருந்தாள். சட்டைக் கையைச் சுருட்டினாள். பிறகு கண்ணை மூடி முகத்தை நிமிர்த்தினாள்.

"சுடுது மிஸ்."

"போவமா?"

"இல்லை. இருப்பம்."

சிரித்தாள். முன்பல் ஒன்று பாதி இல்லை. இதுவரை பார்க்கவில்லை, ஏனென்றால் இதுவரை சிரிக்கவில்லை.

கள்ளிப்பெட்டியில் இருந்து வெளியே வந்த பூனை போல அவள் வெயிலில் நீட்டிக்கொண்டு இருந்ததைப் பார்த்து எனக்குப் பெருமை. பல்கலைக்கழகத்தில் படித்த நாலு வருடத்திலும் இப்படி ஒருவருக்கும் உதவவில்லை என்று நினைத்தேன்.

ஆடி 17, வியாழன்

இடக்கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு முறிவு, மாவுக்கட்டு. எழுத்து நாய் நடந்த மாதிரி.

நேற்று. ஒழுங்காக எழுதிவிடவேண்டும், பொலிஸில் சொன்னது போல் இல்லாமல்.

சசி வாங்கில். நான் கன்ரீனில் இருந்து இரண்டு தேத்தண்ணீர்க் கோப்பையோடு வருகிறேன். மோட்டார் சைக்கிள் ஒன்று வாகனங்களுக்கு நடுவால் வந்து நின்றது. அவன் இறங்கி ஹெல்மற்றைக் கழற்றினான். அவள் கண் மூடியிருந்தாள்.

"ஆருக்கடி கையைக் காட்டிக்கொண்டு இருக்கிறாய்?"

கண்ணைத் திறக்க முதலே முகத்தில். ஹெல்மற்றின் விளிம்பால். தேங்காய் உடைகிற சத்தம். அவள் சரிந்தாள். அடுத்தது தலையில். "தோட்டக்காட்டு நாயே, வேசை, வெயில் காயிறியோ, வெயில்!" தேத்தண்ணீர் என் காலில் கொட்டியது, சுட்டது இன்று காலையில்தான் தெரியும். ஓடிப்போய் அவன் கையில் தொங்கினேன். உதறினான். திரும்ப ஹெல்மற்றை ஓங்க நான் கையைக் கொடுத்தேன். முறிந்ததைக் கேட்டேன், நோகவில்லை.

அவன் அவளுடைய தலைமயிரைக் கையில் சுற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளை நோக்கி இழுத்தான், கல்லின் மேலால். அவள் குதியை ஊன்றி ஊன்றிப் பார்த்தாள். பின்னால் சிவப்பாக ஒரு கோடு. வாகனங்களுக்குப் பக்கத்தில் ஆண்கள் நின்றார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். ஒருவர், "தம்பி, இஞ்ச வைச்சு வேண்டாம்," என்றார். இஞ்ச வைச்சு!

பிறகு பெண்கள். பால் எடுக்கும் அறையில் இருந்த தாய்மார். யன்னலால் கண்டு அப்படியே வந்துவிட்டார்கள், சட்டை பாதி திறந்தபடி, சிலர் கையில் பால் கோப்பையோடு. வயிற்றில் தையலோடு இருந்தவர்களும். ஒருத்தி நிலம் துடைக்கும் கம்பால் அவன் முழங்காலில் போட்டாள். அவன் விழுந்தான். அதற்குப் பிறகு ஒரே செருப்பு. முதல்நாள்தான் வயிறு வெட்டிப் பிள்ளை எடுத்த அக்கா ஒருவர் அவன் மேல் ஏறியிருந்து காதைக் கடித்தார், பிடித்த பிடி விடவில்லை. "எடு கையை! மயிரில இருந்து எடுடா கையை!" அவருடைய பல்லில் இரத்தம், தையலிலும் இரத்தம்.

நானும். ஹெல்மற் என் காலடிக்கு உருண்டு வந்தது. இடக்கையால் எடுத்தேன். அவன் கிடந்தான், கையை முகத்துக்கு மறைத்து, "அக்கா, வேண்டாம் அக்கா," என்றான். ஒரு அடி. இரண்டாவது அடியில் மூக்கு போனது. மூன்றாவது தேவையில்லை என்று தெரியும். தெரிந்துதான் அடித்தேன். உடம்பெல்லாம் ஒரு சுகம், நல்ல தாகத்தில் தண்ணீர் குடித்தது போல. இதை ஒருவருக்கும் சொல்லப்போவதில்லை.

காவலாளி வந்து எங்களைப் பிரித்தார். எங்களை!

அம்மா கட்டைப் பார்த்துவிட்டு: "சண்டைக்காலச் செல்லடியில தப்பின கை. ஒரு ஹெல்மற்றுக்கு உடைஞ்சு போய்க் கிடக்குது." சோறு குழைத்துத் தந்தார். அழவில்லை, நானும் இல்லை.

ஆடி 18, வெள்ளி

சசிக்கு நெற்றியில் இருந்து உச்சி வரை தையல். ஒரு கண் திறக்காது. பிள்ளைக்குக் கிருமித்தொற்று, மூச்சுத் திணறல் கூடிவிட்டது, எடுத்த காற்றுக்குழாயைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். தாய் இரண்டு நாள் பிள்ளையை அணைக்கவில்லை, பால் வற்றுகிறது.

பொலிஸ்காரர் கட்டிலடியில் நின்று எழுதினார். "குடும்பப் பிரச்சினை. பேசித் தீர்க்கலாம்தானே?" சசி இந்த முறை சொன்னாள், முதல் நாள் பூட்டில் இருந்து தொடங்கி, தண்ணீர் கேட்கக்கூட நிறுத்தாமல். அவர் இரண்டு பக்கம் எழுதிக் களைத்துவிட்டார்.

அவர் போனதும் நான் சொல்லிவிட்டேன். "சசி, வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். அந்த வாங்கைக் காட்டினது நான்."

திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"வெயில் காட்டினது நீங்கள். அடிச்சது அவர். ரெண்டையும் ஒண்டாக்காதேங்கோ மிஸ்."

கூட இருப்பது வேறு, காரணம் வேறு என்று டொக்டர் ஒரு வருடமாகச் சொல்லியும் எனக்கு விளங்காதது.

ஆடி 22, செவ்வாய்

புருசன் பிணையில் வந்துவிட்டான். மூக்கில் பிளாஸ்டரோடு கடைத்தெருவில் கண்டதாகத் தேவகி மிஸ். சசிக்குக் கிட்டப் போகக்கூடாது என்று கட்டளையாம். கட்டளை ஒரு கடதாசி.

மாமியார் வந்தார். புதுச் சட்டை, பவுடர் ரின், தொட்டில் சேலை. கண்ணீர்.

"பிள்ளை, முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்கு நாள் வைச்சாச்சு. துடக்குக் கழிச்சு, மொட்டை வழிச்சு, பேர் வைக்கவேணும். அவன் செய்தது பிழைதான். அவனை விடு, எனக்குப் பேத்தியைத் தா."

"பிள்ளை ஒட்சிசன்ல கிடக்கு மாமி."

"அதுக்கென்ன, கறுப்பெண்டாலும் எங்கட பிள்ளைதானே. நாங்கள் பாப்பம்."

"பூட்டி வைச்சோ?"

மாமியாரின் கண்ணீர் பைப் பூட்டினது போல நின்றது. "நீ கோட்டுக்குப் போ. பொலிசுக்குப் போ. பிள்ளை எங்கட. தகப்பன் உயிரோட இருக்கிற பிள்ளையைக் கூலிக்காரன்ர குடிசையில வளர்க்க விடமாட்டம். எடுக்கிறது எப்பிடியெண்டு எங்களுக்குத் தெரியும்."

வாசலில் சசியின் அப்பா. எப்போது வந்தாரோ, எல்லாம் கேட்டிருக்கிறார். மகளின் தலையை இன்றுதான் பார்க்கிறார். கிட்டப் போனார். தையலை எண்ணுவது போல விரலைக் காற்றில் கொண்டுபோனார், தொடவில்லை.

"நம்ம வீட்டுக்கு வந்துரு புள்ள," என்றார். "நான் சொன்னது தப்பு."

மாமியார் பவுடர் ரின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். தொட்டில் சேலையை மறந்துவிட்டார். தேவகி மிஸ் அதை யன்னலுக்குத் திரை போட்டுவிட்டார்.

ஆடி 30, புதன்

நல்ல நாள். சின்னத் தூறல், மண் மணத்தது.

பிள்ளை குழாய் இல்லாமல், ஒட்சிசன் இல்லாமல், தன் பாட்டில் மூச்சு. நெஞ்சு உள்ளே விழவில்லை. முலையைப் பிடித்துக் குடிக்கிறது, நடுவில் களைத்து நித்திரை, திரும்பக் குடி. எங்கள் கணக்குக்கு முன்பே வீட்டுக்குப் போகிறது. சசி சந்தோசத்தில் எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிட்டாள், இங்குபேட்டருக்கும்.

துளி மருந்து விளக்கினேன்: ஒவ்வொரு நாளும், பாலோடு, விடக்கூடாது. மூச்சு வேகமாகினால், உதடு நீலமானால் உடனே வரவேண்டும். நல்ல மாணவி, திரும்பச் சொல்லிக் காட்டினாள். ஓட்டோவில் அப்பா முன்னால், மடியில் பிள்ளையின் சாமான். உருத்திரபுரம் நோக்கி.

ஆவணி 7, வியாழன்

இன்று காலை வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்கும் முறை. கட்டோடு ஸ்கூட்டி ஓட முடியாது, தம்பி முறையான பக்கத்து வீட்டுப் பெடியன் ஏற்றிப் போனான். உருத்திரபுரத்தில் வாய்க்கால் ஓரம், ஓலை வீடு. ஆள் இல்லை. முற்றத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று விழுந்து கிடந்தது. வாசலில் இரத்தம், ஈ. வீட்டு மண்வெட்டியைப் பொலிஸ் எடுத்துப் போய்விட்டதாம்.

பக்கத்து வீட்டு அக்கா: "பொலிசுக்குப் போங்கோ பிள்ளை. பெட்டை அங்கதான்."

போனோம். சசி சுவரோரம் நிலத்தில் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சட்டை, பாவாடை, முழங்கை வரை காய்ந்த இரத்தம். பிள்ளையின் துணியில் மட்டும் இல்லை. முதலில் பிள்ளையைப் பார்த்தேன், உதடு, நெஞ்சு, விரல்நகம். எல்லாம் நல்ல சிவப்பு.

அப்பா வயலுக்குப் போனபின் வந்திருக்கிறான். கதவைத் தள்ளி விழுத்தினான். பிள்ளையை அவள் மடியில் இருந்து காலில் பிடித்து இழுத்தான், தலை தொங்க. மோட்டார் சைக்கிள் வரைக்கும் அப்படியே கொண்டுபோனான். ஏறி இருக்க ஒரு கை வேண்டும், பிள்ளையைப் பெற்றோல் தாங்கியில் கிடத்தினான். அந்த நேரம் பின்னால் இருந்து சசியின் மண்வெட்டி.

"எத்தினை தரம் அடிச்சனீர்?" பெண் பொலிஸ் கேட்கிறார். எனக்கு அவர் பிள்ளைத்தாச்சி போலத் தெரிந்தது.

"எண்ணேல்லை. கையை எடுக்கிற வரைக்கும்."

"கோவத்திலதானே? யோசிக்காமல்தானே அடிச்சனீர்? அப்பிடிச் சொல்லும் பிள்ளை, உமக்கு நல்லது."

"இல்லை அக்கா. மண்வெட்டி வீட்டுக்குப் பின்னால இருந்தது. சுத்திப் போகவேணும். போகேக்க யோசிச்சனான்."

பெண் பொலிஸ் அவள் சொன்னதை எழுதாமல் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

அவன் செத்துப்போகவில்லை. தோள் பிளந்து, கையில் இரண்டு விரல் போய், சத்திரசிகிச்சை வார்ட்டில். சசி அதைக் கேட்கவுமில்லை, நானாகச் சொன்னேன். தலையை ஆட்டினாள், பஸ் வந்துவிட்டது என்று சொன்னால் ஆட்டுவது போல.

வெளியே கேற்றில் மாமியார், இரண்டு ஆண்களோடு. "கொலைகாரியிட்ட எங்கட பிள்ளையை விடப் போறியளோ? பிள்ளையைத் தாங்கோ!" பொறுப்பதிகாரிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தாய் மறியல் சிறைக்குப் போனால் பிள்ளை அப்பம்மாவோடு இருக்கலாம்தானே, என்றார் என்னிடம், நான் ஆஸ்பத்திரி ஆள் என்றபடியால்.

டொக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவர் குரல் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குறைமாதப் பிள்ளை. நுரையீரல் இன்னும் வளருது. தாயிட்ட இருந்து பிரிச்சு அதுக்கு ஒண்டு நடந்தால் காரணம் நீங்கள் எண்டு நானே வந்து சொல்லுவன்." காரணம் என்ற சொல்லை அவர் வாயில் முதல்முறை கேட்கிறேன்.

பொறுப்பதிகாரி போனைத் திருப்பித் தந்தார். "சரி. எங்க போனாலும் ரெண்டு பேரும் சேர்ந்து."

கேற்றில் மாமியார் மண்ணை அள்ளித் தூற்றிச் சபித்தார். சசி பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிப் போட்டாள். துளி மருந்தை நான் இடக்கையால் பிழிய, பிள்ளை நாக்கை நீட்டி வாங்கியது.

சட்டத்தரணிக்கு ஆள் பிடித்தாயிற்று. அப்பாவுக்கு மாற்றுடுப்பு எடுத்து வரச் சொல்லியாயிற்று. நாளை காலை நீதிமன்றம். நானும் போகிறேன். அவள் கூண்டில் ஏறும்போது பிள்ளையை வைத்திருக்க ஒரு ஆள் வேண்டும்.